வாசகர் கேள்வி – பதில்: திருத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும்

இரண்டு மாதங்களாகச் சேர்ந்திருந்த கடிதங்களை ஒருநாள் மாலை உட்கார்ந்து பிரித்தபோது, வாடகைத் தகராறு, வரன் தேடல், மாமியார் மருமகள் மனத்தாங்கல் என்று வழக்கமாக வருபவற்றுக்கு நடுவே, பள்ளி கல்லூரி வயதைக் கடந்த பிறகு எதையாவது கற்றுக்கொள்ள முனைந்து திணறுகிறவர்களின் கடிதங்கள் தனிக் கட்டாகவே சேர்ந்துவிட்டன. அவற்றில் ஏழு கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால், எல்லோருக்குமே ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேற்கு மாம்பலம் வாசகர்: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான், வயது 61. சோழர் வரலாற்றை முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. இப்போது நேரம் இருக்கிறது, புத்தகங்களும் இருக்கின்றன. ஆனால் இன்று படித்தது நாளை நினைவில் நிற்பதில்லை. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று என் மனைவியே சிரிக்கிறார். வயதாகிவிட்டதுதான் காரணமா?

பதில்: அந்தப் பழமொழியைச் சொன்னவர் பிள்ளை வளர்ப்பை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார், சோழர் வரலாற்றை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார் என்று உங்கள் மனைவியிடம் கூறுங்கள். வயது ஏற ஏற முதலில் குறைவது வேகம். புதிய பெயர் ஒன்றைச் சட்டென்று பிடித்துக்கொள்வதற்கும், இரண்டு மூன்று செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திவைப்பதற்கும் இருபது வயதில் இருந்த சுறுசுறுப்பு அறுபதில் இருக்காது. சொல்வளமும், உலகத்தைப் பற்றிச் சேர்த்துவைத்திருக்கும் அறிவும் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. அறுபதைக் கடந்தும் அவை நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடனும் வட்டியும் அடமானமும் பார்த்த ஒருவர், கோயில் நிலத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் வரி விதித்த கல்வெட்டைப் படிக்கும்போது கல்லூரி மாணவனுக்குப் பிடிபடாத நுணுக்கம் சில அவருக்குப் பிடிபடும்.

மறதிக்கு வருகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று கணக்கெடுத்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாதிக்கு மேல் போய்விட்டது. சோதனையைத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருந்தது. ஆகவே, படித்தது மறுநாளே கரைந்துபோவது மனித மூளையின் பொதுக்குணமே தவிர, அறுபத்தொரு வயதுக்கு மட்டும் விதிக்கப்பட்ட தண்டனை இல்லை.

நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பென்சிலை எடுத்து அடிக்கோடு போட்டுக்கொண்டே படிப்பவர், மறுநாள் அடிக்கோடிட்ட இடங்களை மறுபடியும் படிப்பவர் என்று ஊகிக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களும், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்த மாணவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகிவிட்டது; பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களிடம்தான் செய்தி தங்கியிருந்தது. இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை முன் நின்று நேற்றைய பாடத்தை ஒப்பிக்காதவனுக்கு இன்றைய பாடம் கிடையாது. பொருள் தெரியாமல் ஒப்பிக்க வைத்தது அந்த முறையின் பெரிய குறை; ஒப்பிக்க வைத்தது குறையில்லை.

இன்றிரவே செய்து பாருங்கள். பத்துப் பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, தக்கோலத்தில் 949-இல் இளவரசன் இராஜாதித்தன் யாருடைய படையை எதிர்த்து மடிந்தான், அந்தத் தோல்விக்குப் பின் சோழ நாட்டின் வடபகுதிக்கு என்ன நேர்ந்தது என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் பெயர் வராமல் பேனா நின்றுவிடும். அப்படி நின்ற இடத்தில் ஓரிரு நிமிடம் தவித்துவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பெயர் பிறகு எளிதில் போகாது. இரண்டு நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்யுங்கள். எழுதியதை மனைவியிடம் கொடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொன்னால், சிரிப்பதற்கும் அவருக்கு நியாயமான காரணம் கிடைக்கும். பழகிய தெருவே வழி தெரியாமல் போவது, அடுப்பை மறப்பது போன்றவை இருந்தால் மட்டும் அது வேறு; மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். கண்ணாடி, காது இரண்டையும் ஒருமுறை சோதித்துக்கொள்வதும் நல்லது. நினைவில் நிற்கவில்லை என்று நாம் வருந்துவதில் ஒரு பங்கு, முதலில் சரியாகக் காதில் விழாததுதான்.

வேளச்சேரி வாசகர்: மென்பொருள் நிறுவனத்தில் வேலை, வயது 34. இணைய வகுப்புகளில் இதுவரை பத்தொன்பதில் பதிவு செய்திருக்கிறேன். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. என்னிடம் ஒழுக்கம் இல்லையா?

பதில்: ஒழுக்கத்தை விடுங்கள், தம்பி. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியிலிருந்து இரண்டு கை நிறையப் பைகளோடு வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாவற்றையும் படித்து முடித்த நிறைவு அப்போதே அவர்கள் முகத்தில் தெரியும். பதிவு செய்வதிலும் அந்த நிறைவு இருக்கிறது. படிப்பதால் கிடைக்க வேண்டிய மகிழ்ச்சியைப் பதிவுப் பொத்தானே கொடுத்துவிட்டால், பிறகு யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

பத்தொன்பதில் பதினெட்டை நீக்கிவிடுங்கள். எஞ்சிய ஒன்று, முடிந்தால் தேர்வு உள்ளதாக இருக்கட்டும். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளில் சேர்ந்து படிப்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு எழுத விரும்புகிறவர்கள் மட்டும் கட்டணம் கட்டி, குறித்த நாளில் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு, அதற்குக் கெடு உண்டு. இலவசமாகக் கிடைப்பதை ஆற அமரப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடும் நாம், கட்டிய பணம் வீணாகிவிடும் என்றால் விடியற்காலையில் எழுந்துவிடுவோம். இந்தப் பலவீனத்தைக் கண்டு வெட்கப்படுவதைவிட அதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொன்று: இரண்டாவது காணொளியைப் பார்ப்பதற்கு முன் முதல் காணொளிக்கான கணக்கைப் போட்டு முடியுங்கள். சொல்லிக்கொடுப்பவர் கரும்பலகையில் போடும்போது எல்லாமே நமக்கும் தெரிந்தது போலத்தான் இருக்கும். அது அவருடைய திறமை. நமக்கு எவ்வளவு தெரியும் என்பது, விடை தவறு என்று திரையில் சிவப்பாக வந்து விழும்போதுதான் தெரியும்.

பெரம்பூர் வாசகி: ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைத்துவிட்டார்கள். இப்போது வயது 44. மகள் கல்லூரியில் படிக்கிறாள். வேலைக்காக இல்லை, எனக்காகவே பத்தாம் வகுப்பை முடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முடியுமா? ஊர் சிரிக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: முடியும், சகோதரி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும்; மேல் வயது வரம்பு கிடையாது. தமிழ் வழியிலும் எழுதலாம். ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை பதிவு செய்தால் அது ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது பொதுத் தேர்வு வாய்ப்புகள் கிடைக்கும். எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். வீட்டு வேலையோடு படிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் உதவும். கணக்குதான் கவலை என்றால் அதை நடுவில் வையுங்கள். முதலில் எழுதினால் சோர்வு வரும், கடைசிக்கு ஒதுக்கினால் பயம் வளர்ந்துகொண்டே போகும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ‘பத்தாம் வகுப்பே வேண்டாம், நேரடியாகப் பட்டமே வாங்கித் தருகிறோம்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். பத்து, பன்னிரண்டு இரண்டையும் முறையாக முடித்த பிறகு பெறுகிற பட்டத்தைத்தான் தமிழக அரசுப் பணிக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். இன்று வேலை நோக்கம் இல்லை என்கிறீர்கள். நாளை அந்த எண்ணம் வரலாம், கதவை நீங்களே சாத்திவிட வேண்டாம்.

ஊர் சிரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-இல் தம் 96-ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். இந்தச் செய்தியை ‘அவரே படித்தார், உனக்கென்ன கேடு’ என்று மற்றவர்களை அடிக்கும் கோலாகப் பலரும் பயன்படுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. அதில் என் கண்ணில் பட்டது வேறு. ஒரு மாநிலம் முழுவதும் எழுத்தறிவு இயக்கம் நடந்து, பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, தாளைத் திருத்தி மதிப்பெண் போடவும் ஒருவர் இருந்தார். கார்த்தியாயினி அம்மா தனியாக மூலையில் உட்கார்ந்து படிக்கவில்லை. நம் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளும் கற்றபோது, சிரித்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஒருத்தி ஓட்டினால் வேடிக்கை; ஆயிரம் பேர் ஓட்டினால் அது தெருவின் வழக்கமாகிவிடுகிறது. உங்கள் தெருவில் உங்களைப் போலப் படிப்பை நிறுத்தியவர் இன்னும் ஒருவராவது இருப்பார், தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் மகள் இருக்கிறாள். வாரம் ஒருநாள் அவளிடம் நோட்டைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். பெற்றவள் என்ற சலுகையைக் கேட்காதீர்கள்.

மயிலாப்பூர் வாசகி: வயது 57. சிறு வயதில் விட்டுப்போன பாட்டை மறுபடியும் கற்க, அருகில் இருக்கும் ஒரு பெண்ணிடம் சேர்ந்தேன். ஆசிரியைக்கு 26 வயது. என்னோடு படிப்பவர்கள் எட்டு வயதுக் குழந்தைகள். அவர்கள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வது எனக்கு ஒரு மாதம் ஆகிறது. கூச்சத்தால் நின்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: நிற்காதீர்கள். இந்தக் கூச்சத்தை நானும் அனுபவித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது வரை எல்லாவற்றையும் கையால்தான் எழுதினேன். அலுவலகத்தில் கையெழுத்துப் பிரதி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டபோது, வேறு வழியின்றி வீட்டருகே இருந்த தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். விடுமுறைக் காலம், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் பதினைந்து பேர், நடுவில் நான். ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்ற முதல் பாடத்தையே ஒன்றரை வாரம் அடித்தேன். அந்தப் பழைய இயந்திரத்தில் விசையை எந்த அழுத்தத்தில் தட்டுகிறோமோ அந்த அளவுக்குத்தான் எழுத்து பதியும். ‘ஏ’ விழுவது இடக்கைச் சுண்டு விரலில். என் தாளில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக இருக்க, ‘ஏ’ மட்டும் அழிந்துபோன கோலம் போல மங்கிக் கிடந்தது. பக்கத்து இயந்திரத்துப் பையன் எட்டிப் பார்த்து, “அங்கிள், சுண்டு விரலை மட்டும் வச்சு வீட்ல மேஜைல தட்டிக்கிட்டே இருங்க, நானும் அப்படித்தான் பண்ணேன்” என்றான். பயிலகத்தை நடத்தியவர் அந்த மங்கலான ‘ஏ’யைப் பத்து நாட்களாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் ஏன் சொல்லவில்லை? பிறகு கேட்டபோது, “பெரியவரு, எப்படிச் சார் சொல்றது?” என்றார்.

நான் கூச்சத்தால் பட்ட நஷ்டம் சிறிது. அவர் மரியாதையால் எனக்கு ஏற்படுத்திய நஷ்டம் பெரிது. வயதில் மூத்தவரின் தவற்றை எடுத்துச் சொல்வதை நம் வழக்கம் அவமதிப்பாகக் கருதுகிறது. அதனால் ஐம்பதைக் கடந்தவர் எங்கு போனாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொல்தான் கிடைக்கும். எட்டு வயதுக் குழந்தை, சுரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசையில் சுரத்தை அழுத்தாமல் நழுவ விட்டால் ஆசிரியை அந்தக் கணமே நிறுத்தி, மறுபடியும் பாடு என்பார். நீங்கள் நழுவ விட்டால், ‘பரவாயில்லை மாமி, அடுத்தது போகலாம்’ என்பார். குழந்தைகள் ஒரு வாரத்தில் பிடிப்பதும் நீங்கள் ஒரு மாதம் எடுப்பதும் வயதால் மட்டுமே வந்த வேறுபாடு என்று நினைக்காதீர்கள். ஒரு வகுப்பில் அவர்கள் இருபது முறை திருத்தப்படுகிறார்கள், நீங்கள் இரண்டு முறை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணிடம், குழந்தைகள் காதில் விழும்படியாகவே, ‘தாளம் தப்பினால் உடனே நிறுத்துங்கள், சுருதி விலகினால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்’ என்று கூறுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது. முதல் தடவை அவர் திருத்தும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது தடவை திருத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். மாயாமாளவகௌளை ராகத்தின் சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியை மூன்று காலத்திலும் ஒழுங்காகப் பாட ஓராண்டு ஆனாலும் ஆகட்டும். யாரும் உங்களை மார்கழி மேடையில் ஏற்றக் காத்திருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று அந்தக் குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்.

உ.வே.சாமிநாதையரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார், வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரிடம் தாம் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை, சைனக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. கல்லூரித் தமிழாசிரியர் ஒருவருக்கு இதைவிடச் சங்கடமான தருணம் வேறு என்ன இருக்க முடியும்? சாமிநாதையர் ஏட்டை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். சைன சமயக் கருத்துகள் விளங்காதபோது, கும்பகோணத்திலேயே வாழ்ந்த சைனர்களின் வீடு தேடிப்போய்ச் சந்தேகம் கேட்டார். சைவக் கல்வியில் ஊறிய ஒரு பண்டிதர், தமக்குத் தெரியாது என்று பிற சமயத்து இல்லறத்தாரிடம் ஒப்புக்கொண்டு பாடம் கேட்டதன் விளைவு, 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அம்பத்தூர் வாசகர்: தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன், வயது 49. கணினிக் கட்டளையால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் வந்துவிட்டன. டிப்ளமோ முடித்த பையன்களுக்குத்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள். இந்த வயதில் கற்பது என்பது எனக்குச் சுயமுன்னேற்றம் இல்லை, சோற்றுப் பிரச்சினை.

பதில்: நீங்கள் சொல்வது சரி. பொழுதுபோக்காகக் கற்பவருக்குக் கிடைக்கும் நிதானம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் உங்கள் கையில் சரக்கு இருக்கிறது. கருவி மழுங்கும்போது சத்தம் எப்படி மாறுகிறது, வெட்டுச் சீவல் எந்த நிறத்தில் சுருண்டு வந்தால் வேகம் அதிகம் என்பதெல்லாம் அந்தப் பையன்களுக்கு இனிமேல்தான் தெரிய வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது குறியீடு. ‘ஜி00’ என்றால் வெட்டாமல் வேகமாக நகர்வது, ‘ஜி01’ என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டுவது, ‘எம்03’ என்றால் சுழல்தண்டு வலஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குவது. நீங்கள் இருபது ஆண்டுகளாகக் கைப்பிடியால் செய்துவந்த அதே அசைவுகளுக்கு வைத்த பெயர்கள்தான் இவை.

பையன்களில் கொஞ்சம் பொறுமையானவனாக ஒருவனைப் பிடித்துக்கொண்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு கால் மணி நேரம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளுங்கள். அவன் குறியீடு சொல்லட்டும், நீங்கள் உலோகத்தைச் சொல்லுங்கள். தினம் ஒரு சிறிய நிரலைத் தாளில் எழுதி அவனிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். தாளில் செய்த தவறுக்குக் கருவி உடையாது. சான்றிதழும் வேண்டும் என்றால், கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் திறன் பயிற்சி நிலையத்தில் பணியில் இருப்போருக்கான குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றி நேரில் போய் விசாரியுங்கள். இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

திருவல்லிக்கேணி வாசகர்: மேன்ஷன் அறையில் நால்வரோடு தங்கியிருக்கிறேன். அமைதியாக உட்கார்ந்து படிக்கச் சென்னையில் இடம் சொல்லுங்கள்.

பதில்: எழும்பூர் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம் 1896-இலிருந்து இருக்கிறது, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைந்திருப்பார்கள், சீக்கிரம் போய்விடுங்கள். அங்கே மதிய உணவு வேளையில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிப் பழகுவதும் படிப்பில் சேர்ந்ததுதான். ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ள ஒரு துணை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆவடி வாசகர்: வயது 70. இனிமேல் கற்று என்ன ஆகப்போகிறது? மூளைக்குப் பயிற்சி கொடுத்தால் மறதி நோய் வராது என்கிறார்களே, அதுவாவது உண்மையா?

பதில்: அப்படி உறுதியாக யாரும் சொல்ல முடியாது, சொல்லி எதையாவது விற்கிறவர்களை நம்பாதீர்கள். இலண்டன் டாக்சி ஓட்டுநர்கள் நகரத்தின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களுடைய மூளையில் இடத்தை நினைவில் வைக்கும் பகுதியின் பின்பாகம் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரியதாக இருந்ததை எலினார் மகுவையர் குழுவினர் 2000-இல் கண்டறிந்தார்கள். வளர்ந்தவர் மூளையும் பயிற்சியால் மாறக்கூடும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் தெருவை மனப்பாடம் செய்தவருக்குத் தெருதான் தெரியும்; சாவியை வைத்த இடமும் சேர்ந்து நினைவில் நிற்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு, இதே சென்னையில் வாழ்ந்து 2018-இல் மறைந்த ஐராவதம் மகாதேவனைக் காட்டலாம். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தபோதே, 1960-களின் தொடக்கத்தில், தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்-பிராமியில் உள்ள கல்வெட்டுகளைப் படிக்க முனைந்தார். குகை குகையாக ஏறி இறங்கினார். அவருடைய பெருநூல் 2003-இல் வெளிவந்தபோது வயது எழுபதைக் கடந்திருந்தது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 2007-இல் சிந்துவெளி ஆய்வு மையம் தொடங்கக் காரணமாக இருந்தார். அவரிடம் ‘என்ன ஆகப்போகிறது’ என்று கேட்டிருந்தால், அடுத்த எழுத்து என்ன என்று தெரியப்போகிறது என்று சொல்லியிருப்பாரோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இதைவிடப் பெரிய பயன் எதையும் உங்களுக்கு வாக்களிக்க என்னால் இயலாது. அதில் ஆவல் இல்லை என்றால் கற்காமல் இருப்பதும் குற்றமில்லை, ஐயா. எழுபது வயதுக்கு மேல் உங்களை வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் அஞ்சல்தலை ஒட்டி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்பதைக் கவனிக்கிறேன்.

இதே கட்டில் ஒரு கடிதத்தின் கீழே, ‘ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் இப்போது எதைக் கற்கிறீர்கள்?’ என்று பின்குறிப்பு இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஆறு மாதமாகத் தமிழ்-பிராமி எழுத்துகளைக் கற்று வருகிறேன். ‘க’ எளிது, கூட்டல் குறியேதான். ‘ந’ தலைகீழாக நிறுத்திய ஆங்கில ‘டி’ போல இருக்கும். ‘ண’வுக்கு அதே தண்டின் தலையிலும் ஒரு கோடு. இந்த இரண்டையும் நான் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சென்ற வகுப்பில் பத்துச் சொற்கள் கொடுத்தார், நான்கு தவறு. முதல் நாளிலேயே ‘தயவுதாட்சண்யம் வேண்டாம்’ என்று சொல்லிவைத்ததால் நான்கையும் சிவப்பு மையில் சுழித்துத் தந்திருக்கிறார். தாள் மேசைமேல்தான் கிடக்கிறது. புதன்கிழமைக்குள் ஒவ்வொன்றையும் இருபது முறை எழுதிக்கொண்டு போக வேண்டும்.